வெயிலில் நின்ற ரோவர்

காலை பத்தே கால் மணிக்கு மூன்றாவது கல்லும் ஒளிர்ந்ததும் முத்துக்குமரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு குத்தாட்டமே போட்டுவிட்டான்.

"மூணுக்கு மூணு அக்கா! இனி நம்மள ஒரு பய அசைக்க முடியாது!"

மைத்ரேயி திரையில் செங்குத்தாக எழுந்து நின்ற பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அவள் தூக்கத்தில்கூட வந்து போகிற கோடு அது. ஆய்வகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் இத்தனை உயரத்துக்கு எழும்பி ஒருநாளும் பார்த்ததில்லை. சந்தோஷம் வரத்தான் செய்தது. கூடவே, கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் வலிய வந்து தோளில் கைபோட்டால் வருமே ஒரு சந்தேகம், அதுவும் வந்தது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது பசுமலையில், ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடியில். அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த ரோவரோ முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால், மேலூருக்கு அந்தப் பக்கம், கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு கிரானைட் குவாரியின் அடியில் நின்றது. ஆறு சக்கரம், ஆட்டுக்குட்டி உயரம், நீண்ட கழுத்தின் மேல் ஒரு கேமரா, முன்னால் மடங்கி நீளும் ஒற்றைக் கை. மெதுவாகத்தான் நகரும் என்பதால் முத்துக்குமரன் அதற்கு நத்தை என்று பேர் வைத்திருந்தான். ஓட்டுவது அவன் வேலை.

கையின் நுனியில் இருந்த பெட்டி மைத்ரேயியுடையது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பெட்டி புற ஊதா ஒளியைக் கல்லின் மேல் அடிக்கும். கல்லுக்குள் என்றைக்கோ வாழ்ந்து மடிந்த உயிரின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது மெல்ல ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியதாகச் சொல்லும் செவ்வாய்க் கிரகத்தில், பாசி அளவுக்காவது ஏதும் உயிர் இருந்ததா என்று தேடுவதற்காகச் செய்த பெட்டி. அதற்கான பரீட்சைதான் அன்றைக்கு மேலூரில் நடந்துகொண்டிருந்தது.

நாடு முழுக்கப் பதினோரு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாழ்நிலம், அதில் எண் எழுதி வைத்த ஆறு கல். கற்களில் பழைய உயிரின் தடம் இருக்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். காலை எட்டு முதல் மாலை நாலு வரை நேரம். அறையை விட்டு வெளியே போகக்கூடாது. போன்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்குச் சேதி போய்ச் சேரவே நேரமாகும் இல்லையா, அதனால் இவர்கள் அனுப்பும் கட்டளையைப் பத்து நிமிஷம் பிடித்து வைத்துத்தான் ரோவருக்கு விடுவார்கள். அது அனுப்பும் படமும் பத்து நிமிஷம் கழித்துத்தான் வரும். திரும்பு என்று சொல்லிவிட்டு, திரும்பியதா என்று தெரிந்துகொள்ள இருபது நிமிஷம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும்.

தேறுகிற ஒரே ஒரு கருவி அடுத்த கட்டத்துக்குப் போகும். அதைச் செய்தவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை. மற்ற பத்தும் அலமாரிக்கு. மைத்ரேயியின் உதவித்தொகை மார்ச்சோடு நின்றுபோயிருந்தது. இன்றைக்குத் தேறாவிட்டால் இந்த மாசத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். வயது இருபத்தொன்பது. வீட்டில் 'இன்னும் எத்தனை நாளைக்கு' என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு சரி. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"ரோஸ்மில்க் சொல்லியிருக்கேன்," என்றார் ஸ்யாமளா. அவர்தான் மைத்ரேயியின் வழிகாட்டி. நல்ல மனுஷி. மாணவர்களுக்காகத் தலைமை அலுவலகம் வரை போய்ச் சண்டை போடுவார், ஆனால் கையில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாது. "அடுத்த கல்லுக்குக் கிளம்பு முத்து. இந்த வேகத்துல போனா ரெண்டு மணிக்கு முடிச்சிடலாம்."

"மேடம், அதுக்கு முன்னாடி ஒரு தடவை வெத்துத் தகட்டைப் பார்த்துடலாமா?"

வெற்றுத் தகடு என்பது ரோவரின் முதுகில் பதித்திருந்த ஒரு சின்ன உலோகத் துண்டு. அதில் உயிரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அதைப் பார்த்தால் பெட்டி நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கு முன்னாலும் அதைப் பார்ப்பதுதான் முறை. அப்படிப் பார்த்தால் கல்லுக்கு இருபது நிமிஷம் வீணாகிறதே என்று, முந்தின நாள் ஆய்வகத்தில் பார்த்ததோடு போதும் என்று காலையில் ஸ்யாமளாதான் முடிவு செய்தார். மைத்ரேயியும் தலையாட்டிவிட்டாள். ஆட்டியது தப்பு என்று ஒன்பது மணியிலிருந்தே அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"மூணு கல்லு பளிச்சுனு காட்டுது. இப்பப் போய் என்ன?"

"அதான் மேடம். மூணுமே ஒரே மாதிரி பளிச்சுனு காட்டுது."

ஸ்யாமளா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முத்துக்குமரனிடம் கையைக் காட்டினார். கட்டளை போனது.

ரோஸ்மில்க் வந்தது. முத்துக்குமரன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டான். பத்தே முக்கால் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் தகட்டின் எண் திரையில் விழுந்தது. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

கல்லுக்கு வந்த எண்களும் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான். வெறும் தகட்டிலேயே உயிர் கூத்தாடுகிறது என்றால், ஒளிர்வது கல் இல்லை. பெட்டியில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

"கேமராவைத் திருப்பு முத்து. கையோட நுனியைப் பார்க்கணும்."

இன்னும் இருபது நிமிஷம். படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் கையின் மூட்டு, பிறகு பெட்டியின் விளிம்பு, பிறகு கண்ணாடி. கண்ணாடியின் நட்ட நடுவில், கட்டை விரலால் அழுத்தி வைத்த மாதிரி, வட்டமாக, அழகாக, ஒரு மஞ்சள் பொட்டு.

"அடப்பாவி!" என்றான் முத்துக்குமரன். "எவன்கா இதுக்குப் பொட்டு வச்சுவிட்டது?"

எவன் என்று மைத்ரேயிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஏன் என்றும் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

விதிப்படி ரோவரை முந்தின நாள் சாயங்காலமே குவாரியில் இறக்கிவிட்டு வந்துவிட வேண்டும். ஆடு மாடு முட்டாமல் பார்த்துக்கொள்ள, குவாரியை ஒட்டி நெல் போடுகிற அழகுபாண்டி என்பவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொல்லும் ஆள். கிளம்பும்போது மைத்ரேயி அவரிடம், "அண்ணே, உங்க வீட்டு வண்டி மாதிரி நினைச்சுப் பார்த்துக்கங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மேல யாரும் கிட்டப் போகக்கூடாது," என்று சொன்னாள். "எட்டு மணிக்கு மேலதான தங்கச்சி?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் நினைவுக்கு வந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவர் வீட்டு வண்டி ஒரு டிராக்டர். அதை விடிகாலையில் கழுவித் துடைத்து மஞ்சள் வைப்பார் என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அவ்வளவுதான். மடங்கிய கையின் நுனியில், முன்பக்கம் பார்த்து நின்ற அந்தக் கண்ணாடியை நெற்றி என்று நினைத்திருக்கிறார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். மஞ்சளோ, புற ஊதா ஒளி பட்டால் இருட்டில் நெருப்பு மாதிரி ஜொலிக்கிற சாமான். உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்தப் பரீட்சை நடந்திருந்தாலும் இப்படி ஒன்று நடந்திருக்காது.

"தகட்டோட எண்ணைக் கல்லோட எண்ணுல இருந்து கழிச்சிடலாம்," என்றார் ஸ்யாமளா. குரல் இறங்கியிருந்தது.

"கழிச்சுப் பார்த்துட்டேன் மேடம். மிச்சம் இருபது முப்பதுதான் வருது. மஞ்சளால எண்ணு ஏறி இறங்குறதே அறுபது. அதுக்குள்ள எது கல்லுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்ல முடியாதுதான்." ஸ்யாமளா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா நாம ஒண்ணும் பேசலைன்னா இது யாருக்கும் தெரியாது மைத்ரேயி. நான் அப்படிச் செய்யணும்னு சொல்லலை. தெரியாதுன்னு மட்டும் சொல்றேன்."

மைத்ரேயி அவர் மேல் கோபப்படவில்லை. அதே நினைப்பு அவளுக்கும் ஒரு நிமிஷம் முன்னால் வந்து போயிருந்தது. மூன்று கல்லுக்கும் உயிர் உண்டு என்று எழுதிவிட்டால் ஒன்றோ இரண்டோ சரியாகவே இருக்கலாம். யார் கண்டது? ஆனால் எழுதிவிட்டு, அதை நம்புகிறவர்கள் முகத்தில் இரண்டு வருஷம் எப்படி முழிப்பது? அவள் மைக்கை அழுத்தினாள்.

சுவரில் இருந்த பெரிய திரையில் பெங்களூரிலிருந்து சிவராம் என்ற நடுவர் தெரிந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாத மனிதர். அவள் மஞ்சள் பொட்டைப் பற்றி முழுக்கச் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை. மூன்று கல்லுக்கும் வந்த எண்களைக் கைவிடுவதாகச் சொன்னபோது மட்டும் எதையோ எழுதினார்.

"சார், யாராவது ஒரு ஈரத் துணியால துடைச்சுவிட அனுமதி கிடைக்குமா?"

"செவ்வாய்ல துணியோட யாரும் நிக்க மாட்டாங்கம்மா," என்றார் சிவராம். "எட்டு மணிக்கு முன்னாடி ஒட்டினது உங்ககூட வந்த அழுக்கு. அதோடதான் ஓட்டணும்." சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார்.

முத்துக்குமரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பாறையில் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும். மண்ணில் தேய்த்தால் அதைவிட மோசம். ஸ்யாமளா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைத்ரேயி கண்ணை மூடிக்கொண்டாள். அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் வந்ததென்னவோ மொட்டைமாடி. அப்பாவின் வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டால் அம்மா அலட்டிக்கொள்ளவே மாட்டாள். ஒரு அலசு அலசிக் கொடியில் போட்டு, 'மஞ்சக் கறைதானே, வெயில் பட்டாப் போயிடும்' என்பாள். சாயங்காலம் பார்த்தால் போயிருக்கும். தமிழ்நாட்டில் துணி துவைத்த யாருக்கும் இது தெரியும். ஆறு வருஷம் ஒளியைப் படித்தவளுக்கு அது ஏன் போகிறது என்பதும் தெரியும். மஞ்சளின் நிறத்தைச் சூரியனின் புற ஊதா ஒளி உடைத்துப் போட்டுவிடும். மேலூரில் மத்தியான வெயிலுக்கா பஞ்சம்?

"காய வைப்போம்," என்றாள்.

"என்னக்கா?"

"கையைத் தூக்கிக் கண்ணாடியை வெயிலுக்கு நேராக் காட்டு. மஞ்சள் போறவரைக்கும் அப்படியே நிக்கட்டும்."

ஸ்யாமளா சட்டென்று நிமிர்ந்தார். "உள்ள இருக்கிற சென்சார்? நேர் வெயில் பட்டா பொசுங்கிடுமே!"

"உள் மூடியைச் சாத்திட்டுக் காட்டலாம் மேடம். அது சரியாச் சாத்தலைன்னா..." சாத்தவில்லை என்றால் பெட்டியே போய்விடும். அலமாரியில் வைக்கக்கூட லாயக்கில்லாமல் போய்விடும்.

"மூணு மணி நேரம் ஆகுமே."

"ஆகும்."

ஸ்யாமளா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, அந்த மனுஷியின் வாழ்நாளில் முதல்முறையாக இருக்கும், கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். "உன் பெட்டி. நீ சொல்லு."

பதினொன்றரைக்குக் கட்டளை போனது. நத்தை கையை உயர்த்தி வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் சிவராமின் பக்கத்திலிருந்து எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: ரோவர் நகரவில்லை, காரணம்? மைத்ரேயி ஒளிச்சிதைவு, அலைநீளம் என்றெல்லாம் நாலு வரி தட்டிவிட்டு, பிறகு அதை அழித்துவிட்டு, கறை போகக் காய வைத்திருக்கிறோம் என்று எழுதி அனுப்பினாள். மறுபடி கேள்வி வரவில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை கையை மடக்கித் தகட்டைப் பார்ப்பது, பிறகு வெயிலுக்குத் தூக்குவது. பன்னிரண்டு அடித்ததும் எழுநூறு. அடுத்தது நானூற்று முப்பது. இறங்குகிறது என்பது புரிந்ததும் முத்துக்குமரனுக்குப் பசி வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சம் சாதத்தை எடுத்தவன், அதன் மஞ்சளைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு சாப்பிட்டான்.

ஒரு மணி வாக்கில் வந்த படத்தில் மைத்ரேயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குவாரிச் சரிவில் அழகுபாண்டி இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு கறுப்புக் குடை, விரித்தபடி. நேராக ரோவரைப் பார்த்துத்தான் வந்தார்.

"ஐயோ, வேண்டாம்ணே," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அங்கே கேட்கவா போகிறது? படம் எடுத்துப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவர் செய்ய நினைத்ததை இந்நேரம் செய்து முடித்திருப்பார். ஒரு விரல் பட்டால்கூட அணி வெளியே. அவளால் செய்ய முடிந்ததெல்லாம் இன்னொரு படம் எடுக்கச் சொல்வது. அது வர இருபது நிமிஷம்.

படம் வந்தது. அழகுபாண்டி ரோவருக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்தார். குடை மடக்கிக் கக்கத்தில் இருந்தது. கொளுத்துகிற வெயிலில், தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ரோவரையே பார்த்தபடி நின்றார். அதற்கடுத்த படத்திலும் அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்ததிலும் நின்றார்.

"இந்தாளு என்னக்கா பண்றாரு?"

"தெரியலையே முத்து." உயிர் போய் உயிர் வந்ததில் அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

இரண்டு மணிக்குத் தகட்டின் எண் நாற்பத்து நாலு. கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சென்சார் உயிரோடு இருக்கிறதா, இல்லை வெயிலில் பொசுங்கிப்போய் எதைப் பார்த்தாலும் நாற்பது என்கிறதா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். தகட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கல் பதித்திருந்தது. பல கோடி வருஷத்துக்கு முந்தின பாசி இறுகிக் கல்லான துண்டு. அது எப்போதும் நூற்றிருபதுக்குப் பக்கம் காட்டும். அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அப்படியே மூன்றாவது கல்லுக்கும் போகச் சொன்னாள்.

பாசிக்கல்லின் எண் நூற்றுப் பதினெட்டு. ஸ்யாமளா அவள் தோளைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

அடுத்து மூன்றாவது கல். காலையில் முத்துக்குமரனை ஆட வைத்த அதே கல். நாற்பத்தொன்று.

நாலாவது கல், நாற்பத்து மூன்று. ஐந்தாவது கல்லைப் பார்த்து முடிக்கும்போது மணி மூன்றே முக்கால். நாற்பது.

ஆறாவது கல்லுக்குப் போக நேரமில்லை. அறிக்கையில் ஆறு கட்டம் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து ஆகியவற்றுக்கு எதிரே மைத்ரேயி உயிர்த் தடம் இல்லை என்று எழுதினாள். ஒன்று, இரண்டு, ஆறு ஆகியவற்றுக்கு எதிரே தெரியவில்லை என்று எழுதினாள். எழுதி முடித்துப் பார்த்தபோது அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ஆறு வருஷ உழைப்பு. ஒரு கட்டத்தில்கூட 'ஆம்' இல்லை.

"மத்தவங்க எல்லாம் ரெண்டு மூணாவது காட்டியிருப்பாங்க," என்றார் ஸ்யாமளா மெதுவாக. "இதை அனுப்பினா உன் பெட்டிக்குக் கண்ணே இல்லைன்னு சொல்லிடுவாங்க மைத்ரேயி. முதல் ரெண்டு கல்லுக்காவது இருக்கலாம்னு போடேன். பொய் இல்லையே, இருக்கலாம்தானே?"

"இருக்கலாம்தான் மேடம். ஆனா அது என் ஆசை. பெட்டி சொன்னது இல்லை."

ஸ்யாமளா அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, கீழே அவளுக்கு முன்னால் தானே கையெழுத்துப் போட்டார். கோளாறு ஏதும் இருந்தால் காரணம் என்ற கட்டத்தில் மைத்ரேயி, ஒப்படைக்கும்போது நான் தெளிவாகச் சொல்லவில்லை என்று எழுதினாள். அழகுபாண்டியின் பெயரை எழுதவில்லை. நாலுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள்.

போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரோவரை எடுத்துவரக் கல்லூரி வேனில் போனார்கள். முன்சீட்டில் ஸ்யாமளா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஒத்தக்கடை தாண்டுகிறவரை முத்துக்குமரன் ஏதேதோ பேசிப் பார்த்தான். மைத்ரேயி ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்ததும் அவனும் அடங்கிவிட்டான்.

குவாரியில் வேன் நின்றதும் அழகுபாண்டி ஓடி வந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் கன்றிக் கறுத்திருந்தன.

"வாங்க தங்கச்சி. ஒரு ஆடு, ஒரு மாடு கிட்ட அண்டலை. ஆனா ஒரு வெசனம். வெள்ளிக்கெழமையாச்சேன்னு காலையில ஒரு பொட்டு வச்சேன், அது அழிஞ்சு போச்சு."

முத்துக்குமரன் மூச்சை இழுத்தான். மைத்ரேயி அவன் காலை மிதித்தாள்.

"வெயில்ல போயிருச்சுண்ணே," என்றாள். "நீங்க ஏன் மத்தியானம் பூராவும் வெயில்ல நின்னீங்க? கையிலதான் குடை இருந்துச்சே."

அழகுபாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. பிடரியைத் தடவிக்கொண்டார்.

"அது பாவம், கைய ஒசத்திக்கிட்டு அம்புட்டு வெயில்ல அசையாம நிக்குது. என்னமோ ஆகிப்போச்சு போலயேன்னு எனக்கு மனசு கேக்கல. குடையப் பிடிப்பமேன்னுதான் எறங்குனேன். கிட்ட வாரப்ப நீங்க சொன்னது ஞாபகம் வந்துருச்சு, யாரும் போகக்கூடாதுன்னு. சரின்னு நின்னுட்டேன். அது வெயில்ல காயயில நான் மட்டும் குடைக்குள்ள நிக்கிறது நல்லாவா இருக்கும்? அதான் மடக்கிட்டேன்."

மைத்ரேயி இந்த மனுஷன் மேல் காலையில் ஒரு நொடி வந்த எரிச்சலை நினைத்துக் கூசினாள். அந்தக் குடை ஒரு மணி நேரம் ரோவரின் மேல் நிழல் தந்திருந்தால் மஞ்சள் போயிருக்காது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஸ்யாமளாவின் போன் அடித்தது. சிவராம். ஸ்யாமளா ஸ்பீக்கரில் போட்டார்.

"மைத்ரேயி இருக்காங்களா? நானே அவங்ககிட்டச் சொல்லணும்னு நினைச்சேன்." அந்தக் குரலில் முதல்முறையாக ஏதோ இளகியிருந்தது. "இந்த வருஷம் எந்த இடத்துலயும் உயிர்த் தடம் உள்ள கல்லை நாங்க வைக்கலைம்மா. பதினோரு இடத்துலயும் எல்லாமே வெறும் கல்லுதான். ஒண்ணுமே இல்லாத இடத்துல என்ன செய்வீங்கன்னு பார்க்கத்தான் இந்தப் பரீட்சையே. பத்து அணி கண்டுபிடிச்சிட்டாங்க. அதுல ஒரு அணி நாலு கல்லுல கண்டுபிடிச்சிருக்காங்க. இல்லைன்னு எழுதி அனுப்பினது உங்க பெட்டி மட்டும்தான். அடுத்த கட்டத்துக்கு அதுதான் போகுது."

முத்துக்குமரன் குவாரி அதிரக் கத்தினான். எதிர்ப்பாறை அதைத் திருப்பிக் கத்தியது. மைத்ரேயி அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

அழகுபாண்டி பதறிப்போனார். "என்ன தங்கச்சி ஆச்சு? கெட்ட சேதியா?"

"நல்ல சேதிண்ணே. நம்ம வண்டி ஜெயிச்சிருச்சு."

"அப்படிப் போடு! என்னத்தக் கண்டுபிடிச்சுச்சு?"

"ஒண்ணும் இல்லைன்னு கண்டுபிடிச்சுச்சு. பார்த்த வரைக்கும் இல்லைன்னு சொன்னோம். பார்க்காததைத் தெரியலைன்னு சொன்னோம். அதுக்குத்தான் கொடுத்திருக்காங்க."

அழகுபாண்டி அவளையும் ரோவரையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாடுகிறாளோ என்று சந்தேகம். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"ஏந் தங்கச்சி, இல்லைன்னும் தெரியலைன்னும் சொல்றதுக்கா இம்புட்டு வருசம் படிச்சீக?"

"ஆமாண்ணே," என்றாள் மைத்ரேயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதைச் சொல்றதுதாண்ணே ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."